புள்ளிகளால் வரைந்த ஆன்மா

குழந்தைக்குப் படம் காட்டி எழுத்தறிவிப்பது இன்று யாரும் கேள்வி கேட்காத பள்ளி வழக்கம். ஆனால் அவ்வழக்கம் ஐரோப்பாவில் முறையான பாடநூலாக உருக்கொண்டபோது, கண்ணால் காண இயலாததை எப்படிக் காட்டுவது என்ற சமயச் சிக்கலும் அதனுடன் சேர்ந்தே வந்தது என்பதைக் கல்வி வரலாறுகள் பெரும்பாலும் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. 1658இல் ஜெர்மானிய நகரமான நியூரம்பெர்க்கில் அச்சேறிய ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’, அதாவது ‘புலன்களுக்கு எட்டும் உலகம் படங்களில்’, அந்த நூல். அதன் ஆசிரியர் யான் அமோஸ் கொமேனியஸ் (1592–1670) மொராவியாவில் பிறந்தவர். ‘சகோதரர் ஐக்கியம்’ என்ற சீர்திருத்தக் கிறித்தவச் சபையின் ஆயர். 1620இல் நடந்த வெள்ளைமலைப் போரில் தம் தரப்பு தோற்றபின் நாடிழந்து, போலந்து, ஹங்கேரி, ஆம்ஸ்டர்டாம் என அலைந்தே வாழ்நாளைக் கழித்தவர்.

நூலின் அமைப்பு எளிது. ஏறத்தாழ 150 பாடங்கள்; ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு மரச்செதுக்குப் படம்; படத்தின் உறுப்புகளுக்கெல்லாம் எண்கள்; கீழே இலத்தீனிலும் ஜெர்மனிலும் இணையாக ஓடும் சிறு வாக்கியங்களில் உரிய சொல்லுக்கு அருகே அதே எண். மரச்செதுக்கு என்பது பலகையில் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்ற இடத்தைக் குடைந்தெடுக்கும் முறை. செப்புத்தகட்டில் கோடுகளைப் பள்ளமாகக் கீறும் முறைக்குத் தனி இயந்திரமும் தனி அழுத்தமும் வேண்டும். மரக்கட்டையோ ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் இறுக்கப்பட்டு ஒரே அழுத்தில் பதியும். படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும் இந்தக் கற்பித்தல் முறைக்கு அச்சுத் தொழில்நுட்பம் இப்படிப் பேருதவியாக இருந்தது. அந்தத் தொழிலையும் நூல் மறைக்கவில்லை. அச்சுக்கூடம் பற்றிய பாடத்தில், எழுத்துக் கோப்பவர் எழுத்துப்பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையிலுள்ள கோப்புச்சட்டத்தில் அடுக்குவதும், வரிகள் சேர்ந்து பக்கமாகிச் சட்டத்தில் இறுகுவதும், மைபூசித் தாள் விரித்து அழுத்துவதும் எண்ணிட்டுக் காட்டப்படுகின்றன. தான் படிக்கும் புத்தகம் எப்படிப் பிறந்தது என்பதைக் குழந்தை அந்தப் புத்தகத்திலேயே கண்டுகொள்கிறது.

இம்முறையின் அடியில் இருப்பது ஓர் அறிவுக்கொள்கை. முதலில் புலன்களில் இல்லாதது எதுவும் பின்னர் அறிவில் இருக்க இயலாது என்ற பழைய அரிஸ்டாட்டிலியக் கருத்தைக் கொமேனியஸ் தம் முன்னுரையிலேயே அடித்தளமாக வைக்கிறார். தமிழ்ச் சைவ சித்தாந்தத்தின் அளவை இயல், அதாவது அறியும் வழிகளை ஆராயும் பகுதி, காண்டல், கருதல், உரை என்று வகுப்பதைக் கொண்டு சொல்வதானால், அவர் காண்டலை ஏனைய இரண்டுக்கும் தாயாக்குகிறார். சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வித்து, பொருளை அறியாத மாணவனைப் பிரம்பால் திருத்திய அக்கால இலத்தீன் பள்ளிகளைப் பார்க்கும்போது இக்கொள்கையின் நியாயம் விளங்கும்.

ஆனால் அதே நூலின் முதற்பாடம் கடவுள். இறுதிப் பாடம் இறுதித் தீர்ப்பு. நெருப்பு, காற்று, மரம், விலங்கு, உடல், உழவு, ரொட்டி சுடுதல், பள்ளி, நகரம் என விரியும் காணும் உலகம், காணவியலாத இரண்டுக்கும் இடையில் வைக்கப்பட்டிருக்கிறது. கடவுளுக்கு உருவம் வரைவதைச் சகோதரர் ஐக்கியம் போன்ற சபைகள் சிலைவழிபாடாகவே கருதின. ஆகவே அங்கே கதிர்வீசும் ஒளியும் அதன் நடுவில் கடவுளின் திருப்பெயரான நான்கு எபிரேய எழுத்துகளும் மட்டுமே இடம்பெறுகின்றன. சொல்லுக்கு முன் பொருளை வைப்பதாக உறுதியளித்த நூல், தன் முதற்பாடத்திலேயே பொருளின் இடத்தில் சொல்லை வைத்துவிட்டது. எபிரேயம் அறியாத குழந்தைக்கோ அந்த எழுத்துகளும் வெறும் கோடுகளே, ஆதலால் படமே. (அருவம், உருவம், இரண்டுமான அருவுருவம் என்று மூன்று நிலைகளுக்கும் இடம் வைத்த சைவ மரபில் பழகிய வாசகருக்கு இந்த நெருக்கடி சற்று விந்தையாகப் படலாம், ஆனால் உருவமா அருவமா என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்ற ஒரு சபையின் ஆயருக்கு வேறு வழி இருந்திருக்காது.)

இதைவிட நுட்பமான விடை, மனித ஆன்மா பற்றிய பாடத்தில் கிடைக்கிறது. செடிகொடிகளில் வளர்வது, விலங்குகளில் அதனுடன் உணர்வதுமாவது, மனிதரில் அவற்றோடு பகுத்தறிவதுமாவது என்று அரிஸ்டாட்டில் வழிவந்த மூவகை ஆன்மாவைக் கீழே உரை விளக்குகிறது. மேலேயுள்ள படத்திலோ மனித உருவத்தின் வெளிக்கோடு மட்டும், அதுவும் தொடர்கோடாக அல்லாமல் புள்ளிகளாக, வரையப்பட்டிருக்கிறது. முகமும் தசையும் இல்லை, நிழலும் இல்லை. உடல் முழுவதும் பரவியிருந்தும் உடலாகாத ஒன்று என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல மரப்பலகையால் இயலாது. இது ஆன்மாவின் படமா, படமாக இயலாமையின் படமா என்று கேட்டால் இரண்டாவதே சரி எனலாம். அந்த நேர்மைதான் இதற்கு மதிப்பு. நற்பண்புகளைக் கையில் கடிவாளமோ கண்ணாடியோ ஏந்திய பெண்ணுருவங்களாகக் காட்டும் அக்கால வழக்கத்தில் அந்த நேர்மை இல்லை, ஏனெனில் அங்கே காண இயலாத ஒன்று காணக்கூடியதுபோல் நடிக்கிறது.

இங்கே கொமேனியஸின் அறிவுக்கொள்கையே ஐயத்துக்கு உள்ளாகிறது. புள்ளிகளை ஆன்மா என்று கண்டுகொள்வது கண்ணின் வேலையன்று. யாரேனும் சொல்லியாக வேண்டும். சற்று ஆழ்ந்து நோக்கினால், மற்றப் பாடங்களின் நிலையும் இதுவே. நிறமில்லாத, விரலளவே ஆன, கோடுகளாலான ஒன்றை யானை என்று ஏற்பது கற்றுக்கொண்ட ஒரு வழக்காறு. எண்ணைப் படத்திலிருந்து சொல்லுக்குத் தொடர்ந்து செல்வது இன்னொரு வழக்காறு. படம் எழுத்துக்கு முந்திய இயற்கை மொழி என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில் அதுவும் எழுத்தைப் போலவே வாசிக்கப் பழக வேண்டிய ஒரு குறியீட்டு முறை. நூல் தொடங்கும் விதமே இதற்குச் சான்று: பொருள்கள் வருவதற்கு முன், அறிவு பெற வா என்று ஆசிரியர் அழைப்பதும், யார் கற்பிப்பார் என்று சிறுவன் வினவுவதுமான உரையாடல் வருகிறது; அதன்பின் காகம் கரைவது, ஆட்டுக்குட்டி கத்துவது, காற்று வீசுவது போன்ற ஒலிகளின் வழியே நெடுங்கணக்கு வருகிறது. காண்டலைத் தாயாக்கிய நூலில் உரையே முதலில் நுழைகிறது.

கொமேனியஸ் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம். நிறம், சுவை போன்றவற்றை மையால் காட்ட இயலாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அரிய பொருள்களைப் பள்ளிகள் சேகரித்து வைத்து, பாடம் வரும்போது நேரில் காட்ட வேண்டும் என்கிறார். குழந்தைகள் விரும்பினால் படங்களைத் தம் கையால் பார்த்து வரையவும் விட வேண்டும், விரும்பாவிட்டால் ஊக்குவிக்க வேண்டும் என்றும், அதனால் கவனம் கூர்மையாகும், உறுப்புகளின் அளவுப் பொருத்தம் புலப்படும், கை பழகும் என்றும் பயன் கூறுகிறார். தொடுதிரையில் படத்தைத் தட்டினால் சொல் ஒலிக்கும் இன்றைய கற்றல் கருவிகள் அவருடைய எண்களுக்கு நேர்வாரிசுகள். ஆயினும் வரையும் கைக்கு அவற்றுள் பல இடம் தருவதில்லை, குரலையும் ஆசிரியரிடமிருந்து கருவிக்கே மாற்றிவிடுகின்றன. வண்ணமும் அசைவும் கூடியதால் படம் பொருளாகவே ஆகிவிட்டது என்ற மயக்கம் மிகுவதற்கும் இடமுண்டு. கரடுமுரடான மரச்செதுக்குப் படத்தைப் பொருளென்று மயங்குவார் எவருமில்லை.

பார்த்து வரையச் சொல்லும் அறிவுரை ஆன்மாவின் படத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்? புள்ளிகளைக் கண்ட குழந்தையின் கை அவற்றை இணைக்கவே விரையும். இணைத்தால் கிடைப்பது மனிதனின் சாதாரண உருவம், அது வேறு பாடத்துக்குரியது. அவற்றை ஏன் இணைக்காமல் விட வேண்டும் என்பதற்குப் படத்தில் எண் ஏதும் இல்லை. ஆசிரியர்தாம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.