ஆபத்தைச் சுமப்பவர் யார்?

ராஜபாளையத்து ஆலைகளில் பருத்தி நூலாகிறது; தளவாய்புரத்துத் தையற்கூடங்களில் துணி ஆடையாகிறது. இன்று பாரதத்தில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைத் தன் வித்திலேயே தாங்கியது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதம் செடியிலேயே உண்டாகும்படி அமைந்த இவ்விதைக்கு 2002ஆம் ஆண்டு மத்திய அரசு அனுமதி வழங்கிற்று. சிருஷ்டியில் மனிதன் இங்ஙனம் கைவைக்கலாமா என்று ஆஸ்திகர் வினவுவது இயல்பே.

சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீராமாநுஜ தரிசனம். சரீரத்துக்கு நோய் வந்தால் மருந்திடுவது அபசாரமாகாது. உழவர் நல்விதை தேர்வதும் ஒட்டுக் கட்டுவதும் பண்டுதொட்டு வரும் வழக்கம். ஆகவே மாற்றுவது ஒன்றே பாபம் என்று கூறுவதற்கில்லை. எவருடைய நன்மைக்காக, எவருடைய சம்மதத்தோடு, எவர் தலையில் ஆபத்தை வைத்து மாற்றுகிறோம் என்பதே ஆராயத்தக்கது.

2018ஆம் ஆண்டு சீன தேசத்து விஞ்ஞானி ஹே ஜியான்குயி, தாம் மரபணு திருத்திய கருக்களிலிருந்து இரட்டைப் பெண் சிசுக்கள் பிறந்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி அண்டாதிருக்கவே அவ்வாறு செய்ததாகச் சொன்னார். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ‘உலக நன்மைக்காக விதியை மீறுவது குற்றமா? உடையவரும் ஆசாரியர் ஆணையை மீறினாரே’ என்று ஒருவர் வாதிடக்கூடும்.

மீறினார், உண்மை. பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியார்த்தத்தைத் திருக்கோஷ்டியூரில் யாவரும் கேட்க வெளியிட்டார். ஆனால் நரகம் புகுவது தாம் ஒருவரே, உய்வது எல்லோரும் என்று துணிந்தே வெளியிட்டார். சீனத்திலோ முறை தலைகீழாயிற்று. செயல் மறைவில் நடந்தது; கீர்த்தியைச் செய்தவர் நாடினார்; ஆபத்தோ, சம்மதம் சொல்ல வாயில்லாத சிசுக்கள்மேலும் அவர்தம் சந்ததிமேலும் விழுந்தது.

ஆராய்ச்சிக்கு அரசின் காவலும் பொதுமக்களின் கண்ணும் வேண்டுவது இதனாலேயே. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு இசைவளித்தும், அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் உழவர், விஞ்ஞானிகள், நுகர்வோர் வாதங்களைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதை நிறுத்தி வைத்தார். நிறுத்துவதிலும் பாரம் உண்டு; பூச்சிமருந்து தெளிக்கும் உழவன் அதன் நஞ்சைச் சுவாசிக்கிறான். அம்முடிவு சரியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் விதைப்பவரையும் உண்பவரையும் கேட்டபின் முடிவு செய்தது தர்மத்துக்கு இசைந்ததே.

ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பெரியாழ்வார் செடி வளர்த்தார். மலரைத் தமதென்று எண்ணாமல் வடபத்ரசாயிக்குச் சமர்ப்பித்தார். உயிரின் வித்தைத் தொடும் கைகளுக்கும் அந்த எண்ணம் வேண்டும். அது இல்லாதவிடத்து, கேள்வி கேட்பது மக்களின் கடமையாகும்.