குடத்தில் இடாத ஓலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியனவாகப் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்கள் எனப்படும் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க எவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாம் என்பதோடு, எவர் பெயரை இடலாகாது என்பதையும் மிக விரிவாகப் பேசுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அக்குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன்.

அச்சிறுவன் அறியாமல் எடுத்தான்; யூடியூப் முகப்பில் எவரும் தேடாத ‘ஷார்ட்ஸ்’ குறுங்காணொளிகளைக் கொண்டுவந்து அடுக்கும் பரிந்துரை நிரலோ, பார்ப்பவர் எதில் எவ்வளவு நேரம் தங்கினார் என்பதையும் கணக்கிட்டு இயங்குவது. மூன்று புள்ளிகளைத் தொட்டு அவ்வரிசையை விலக்கினாலும், அது சில நாள் கழித்துத் திரும்பி வந்துவிடும். இவ்வாறு மறைப்பது துறவாகுமா? பொறிகளைப் புலப்பொருள்களிலிருந்து மீட்டு உள்நோக்கித் திருப்புவதாகிய பிரத்தியாகாரம், பதஞ்சலி வகுத்த எட்டு உறுப்புகளுள் ஐந்தாவது. திருமந்திரமும் அதற்குத் தனிப்பகுதி ஒதுக்குகிறது. அங்கே திரும்ப வேண்டியது கண். இங்கே அகற்றப்படுவது காட்சி மட்டுமே, கண்ணின் பசி அப்படியே இருக்கிறது. ஆயினும் இதைப் போலித்துறவு என இகழ்வது மிகை: உத்திரமேரூர்ச் சபையார் மனத்தூய்மையை மட்டும் நம்பியிராமல், குடம் நிறையும் முன்பே ஓலைகளைக் கழித்தனர்.