பிரித்துத் தைக்க இடம்

துணிக்கடையின் ட்ரையல் ரூமில் ஒரு குர்த்தி தோளில் தொங்கி, மார்பில் இறுக்கிப் பிடித்தால், அதைப் போட்டுப் பார்க்கும் பெண் குர்த்தியைக் குறை சொல்வதில்லை. "எனக்கு எதுவுமே சேராதுடி" என்று வெளியே காத்திருக்கும் தங்கையிடம் சொல்லிக்கொண்டு வருகிறாள். பிள்ளை பெற்ற உடம்பு, வயது, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று காரணங்களையும் அவளே அடுக்குகிறாள். வெட்டியது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை. முகம் தெரியாத யாரோ வெட்டிய துணிக்கு நம் உடம்பு பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது? காகித மாதிரி வெட்டி, என் ஆடைகளை வீட்டில் நானே தைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் இதைக் கேட்கவே எனக்குத் தோன்றியது.

இந்த அளவுகள் வந்த வழியைப் பார்ப்போம். 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் ஒரே ஆடைக்கான மாதிரியைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்னாலும் மாதிரிகள் கிடைத்தன, ஆனால் பெரும்பாலும் ஒரே அளவில். அதைத் தன் உடம்புக்கு ஏற்பப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் தைப்பவளின் பாடு. பட்டரிக் அந்தப் பாட்டைக் குறைத்தார். 1939-40-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில் அளந்தது. வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை அடித்தளமாக வைத்துத்தான் 1958-ல் அந்நாட்டின் ஆடை அளவுத் தரம் வந்தது. நம் நாட்டவருக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டுமென்று தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் சென்னை உள்பட ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் வேலையை எடுத்துக்கொண்டதோ மிக அண்மையில்தான். அதுவரை நம் கடைகளில் தொங்கிய 'எல்'லும் 'எக்ஸ்எல்'லும் பெரும்பாலும் வேறு நாட்டு அட்டவணைகளை அங்கங்கே தட்டிக் கொட்டி எடுத்தவை. இனி நமக்கென்றே பட்டியல் வந்தாலும் அதில் இருக்கப்போவது சராசரிதான். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் சராசரியாக இருக்கும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

புடவை இந்த வம்பில் மாட்டிக்கொள்ளவே இல்லை. ஐந்தரை மீட்டர் துணி, அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அதே நீளம். மாட்டிக்கொண்டது பிளவுஸ். அதற்கு நாம் கண்டுபிடித்த வழி அளவு ஜாக்கெட். டெய்லர் ஆணாக இருப்பார், டேப் வைத்து அளக்கக் கூச்சமாக இருக்கும், அதனால் உடம்புக்குப் பதிலாக ஒரு பழைய ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்துவிடுவோம். "இதே மாதிரிண்ணா, கை மட்டும் அரை இஞ்ச் நீளம்." இந்த ஏற்பாட்டில் இரு பக்கத்துக்கும் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் அந்த அளவு ஜாக்கெட்டே இன்னொரு அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்தது. முதலாவதில் கைக்குழி சற்று இறக்கமாக விழுந்திருந்தால் அடுத்த முப்பது ஜாக்கெட்டிலும் அது இறக்கமாகவே இருக்கும். கல்யாணத்தன்று தைத்த தோளோடு அறுபது வயதுவரை வாழ்ந்த பெரியம்மாக்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே ஏறும். அதைக் கீழே இழுத்து விட்டுக்கொள்வது மூச்சு விடுவதுபோலப் பழகிப் போயிருந்தது. தன் தோளின் அகலம் எத்தனை இஞ்ச் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தது சித்தி. லோயர், ஹையர் இரண்டு தையல் பரீட்சையும் எழுதித் தேறியவர். அவர் படித்த காலத்து ரெக்கார்டு நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. பிரவுன் ஷீட்டில் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டிய ஜப்லா, பாவாடை, ஜாக்கெட், அவற்றின் பக்கத்தில் சிவப்பு மையில் சூத்திரங்கள். மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதோடு லூசுக்கும் தையலுக்கும் இவ்வளவு. கழுத்து அகலத்துக்கு மார்புச் சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மார்பு 36 என்றால், மடித்த துணியில் ஒரு பக்கக் கழுத்துக்கு 3 இஞ்ச். சொல்லிக் கொடுத்துவிட்டு, "இது ஆரம்பம்தான் கண்ணு. இதை வெச்சுக்கிட்டு யாரையும் வெட்டிறாத, ஆளைப் பாரு" என்பார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். மார்பு கூடக் கூடக் கழுத்தும் தோளும் அதே விகிதத்தில் கூடும் என்று அந்தச் சூத்திரம் நம்புகிறது. எலும்பு அப்படி வளர்வதில்லை. இருபத்தைந்து வயதில் 34 ஆக இருந்தவள் நாற்பதில் 40 ஆகியிருக்கலாம், ஆனால் அவள் தோள் எலும்பு நீண்டிருக்காது. சூத்திரப்படி வெட்டினால் கழுத்து ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் வீதம் மொத்தம் ஒரு இஞ்ச் அகலமாகிவிடும். அந்த ஒரு இஞ்சில்தான் ஆடை தோளிலிருந்து வழுக்குகிறது, உள்ளாடைப் பட்டை வெளியே தெரிகிறது. பஸ்ஸிலும் அலுவலகத்திலும் நாள் முழுக்கத் தோளை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி இருக்கும் எத்தனை பெண்களைப் பார்க்கிறோம். அவர்கள் சுமந்து திரிவது யாரோ போட்ட வகுத்தல் கணக்கு.

நாமே வெட்டும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. தோளுக்குச் சிறிய அளவின் கோட்டையும் மார்புக்குப் பெரிய அளவின் கோட்டையும் எடுத்து இடையில் வளைத்து இணைக்கலாம். அல்லது சிறிய அளவுக் காகிதத்தையே தோளின் நடுவிலிருந்து மார்பின் மேடுவரை, அங்கிருந்து கீழ்வரை கத்தரித்து, தோள் முனை விலகாமல் மார்பில் வேண்டிய அளவு விலக்கி, இடைவெளியில் நாளிதழ்த் துண்டு ஒட்டிக்கொள்ளலாம். விலக்கியதில் மிஞ்சுவதை டாட் பிடித்து அடக்கிவிடலாம். நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியில் ஒன்று ஓட்டுத் தையலாகத் தைத்துப் போட்டுப் பார்ப்பது உத்தமம். என்னுடைய காகிதங்கள் முழுக்க ஒட்டும் வெட்டுமாகத்தான் இருக்கும். வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறக்கம் என்று அதில் பென்சில் குறிப்பு இருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே பக்கம் பை மாட்டியதன் கணக்கு அது. டேப் அதைக் கால் இஞ்ச் என்று சொல்லிற்று, நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போது என்னோடு சேர்ந்து பார்க்கும் நூறு கண்கள் அளக்கும்போது காணாமல் போகின்றன. உடம்பைப் பற்றி ஒரு செய்தி கிடைக்கிறது, அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறோம், காகிதத்தைத் திருத்துகிறோம். உடம்பைத் திருத்தும் பேச்சே அங்கே எழுவதில்லை.

வெளிநாட்டுக் காகித மாதிரிகளில் தையலுக்கு விடும் இடம் வழக்கமாக ஓர் இஞ்சில் எட்டில் ஐந்து பங்கு. 1950-ல் ஜெர்மனியில் ஏனே புர்டா என்ற பெண்மணி தொடங்கிய மாதிரிப் பத்திரிகை, 1987-ல் சோவியத் நாட்டில் ரஷ்ய மொழியிலேயே வரத் தொடங்கிற்று. நினைத்த ஆடை கடையில் கிடைக்காத ஊரில் பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றித் தைத்தார்கள். ஒரு பெரிய தாளில் பல ஆடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும், வேண்டியதை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் தையலுக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். நாமே விட்டுக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் என் கை தானாக ஒன்றரை இஞ்ச் விடுகிறது. சித்தி பழக்கிய கை. பக்கத் தையலை உள்ளே இரண்டு மூன்று வரியாக ஓட்டி, "தேவைப்பட்டா ஒரு வரி பிரிச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் அவர் எதையும் கொடுப்பார்.

நம் ஊர்த் தையலிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சிறுமிக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்றைப் பிரித்துவிட்டால் பாவாடை பிள்ளையோடு சேர்ந்து இறங்கும். பிரித்த இடத்தில் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். "பார், எவ்வளவு வளர்ந்துட்டா" என்று வீடே சந்தோஷப்படும். கடை ஆடையிலோ துணியை மிச்சம் பிடிக்க அரை இஞ்சுக்கும் குறைவாக விட்டு ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள். அதில் பிரிக்க ஒன்றுமில்லை. தைத்த அன்று இருந்த அளவில் அந்த உடம்பு நின்றுவிடும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

நாமும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். பதினாறு வயதுவரை உடம்பு மாறினால் வளர்ச்சி என்கிறோம், கொண்டாடுகிறோம். அதற்குப் பின் அதே உடம்பு பிள்ளை சுமந்து, பால் கொடுத்து, மாதவிடாய் நின்று, எலும்பு தேய்ந்து மாறும்போது கெட்டுப்போனதாகச் சொல்கிறோம். பெண்ணின் உடம்பு வாழ்நாள் முழுக்க மாறுவது. மாறுவதற்கு இடம் விட்டுத் தைத்த ஆடையைப் போட்டுக்கொள்ளும்போது அந்த மாற்றம் குற்றமாகத் தெரிவதில்லை. ஒரு வரி பிரிக்கிறோம், இஸ்திரி போடுகிறோம், வேலைக்குக் கிளம்புகிறோம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. வெட்ட ஒரு மாலை, தைக்க இரண்டு மாலை, காஜாவும் ஹெம்மிங்கும் தனி. சமையலும் துவையலும் முடித்து வந்த பெண்ணிடம் இதையும் செய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தையல் மெஷின் பலருக்குச் சோறு போடுகிறது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசமாக மெஷின் வழங்குவது அதனால்தான். இந்த மெஷினுக்குக் காந்தியும் இடம் கொடுத்தார். 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். மனிதனின் கை கால்களைப் பயனற்றுப் போகச் செய்யும் இயந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன் என்று விளக்கிய காந்தி, விலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துப் படும் சிரமத்தைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார்.  மெஷினைப் பற்றிக் காந்தி சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. அது கையின் சலிப்பை எடுத்துக்கொள்கிறது, எங்கே வெட்டுவது, எவ்வளவு விடுவது என்ற முடிவுகளைத் தைப்பவளிடமே விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைக்குழியில் கையை வைத்துச் சுருக்கம் விழாமல் ஒரு முறை தைத்துப் பார்த்தவள் மலிவான சட்டையின் விலைச் சீட்டை முன்போலப் படிக்க மாட்டாள். திருப்பூரிலோ டாக்காவிலோ ஒருத்தி அதே கைக்குழியை ஒரு நாளில் எத்தனை முறை தைத்திருப்பாள் என்ற நினைப்பு வந்துவிடும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு வெளியே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தைத்துப் பிழைத்த பெண்கள். அந்தச் செய்தி எனக்கு இன்னும் பழையதாகவில்லை.

என் மெஷின் மிக நல்ல வேலை செய்தது அம்மாவுக்காக. அவருக்குத் தோள் இறுகிப்போய் வலது கையை மார்புக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தது. தலைவழியாகப் போடும் எதையும் போட முடியாது. ஜாக்கெட் ஹூக் மாட்டும்போது கண்ணில் நீர் வந்துவிடும். கடையில் கிடைக்கும் நைட்டிகளில் ஜிப் பாதிவரைதான். "என்னை ஒரு சாக்குக்குள்ள போட்டுடு" என்று சலித்துக்கொண்டார், அதற்குமுன் தன்னைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பழைய நைட்டி மாதிரியை எடுத்து முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பதாக மாற்றினேன். வலது கைக்குழியை மட்டும் ஒன்றரை இஞ்ச் இறக்கி, அந்தக் கையை அகலமாக்கினேன். இடது கையாலேயே போடும்படி பெரிய பட்டன்கள். இரண்டு பக்கமும் பை, ஒன்றில் போன், ஒன்றில் மாத்திரை. சுங்குடித் துணி, அவருக்குப் பிடித்த அரக்கு நிறம். பாவு நூல் நேராக ஓடும்படி காகிதத்தை வைத்து வெட்டினேன். துணியை மிச்சம் பிடிக்கக் காகிதத்தைச் சாய்த்தால் நாலு துவையலில் பக்கத் தையல் முன்னால் முறுக்கிக்கொண்டு வந்துவிடும்.

முதல் நாள் அதை அவரே தனியாகப் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டு அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டார். இப்போது அந்தக் காகிதம் அந்த அக்காவிடம் இருக்கிறது. அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம், இடது பக்கம் அசைவில்லை. அதனால் கைக்குழி இறக்கமும் பட்டன் பட்டியும் பக்கம் மாற வேண்டும், நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவர் என்பதால் பின்பக்க நீளத்தையும் குறைக்க வேண்டும். சனிக்கிழமை இஞ்ச் டேப்போடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.