பொருந்திய கணக்கு

நடந்ததைச் சரியாகச் சொன்னவன் நடக்கப் போவதையும் சரியாகச் சொல்லுவான் என்று நாம் நம்பிவிடுகிறோம். ஜோசியனிடம் ஏமாறுவது இதனால்தான். விஞ்ஞானக் கணக்கிலும் இதே குழி உண்டு.

அமெரிக்காவில் கொலராடோவும் நியூ மெக்ஸிகோவும் சந்திக்கும் எல்லையில் ஸான் யுவான் என்றொரு நிலப்பரப்பு. 1980-ல் அரசு வரிச்சலுகை அறிவித்த பிறகு, அங்கே நிலக்கரிப் பாறையிலிருந்து மீத்தேன் எடுக்கும் கிணறுகள் பெருகின. வாயு கரியின் நுண்துளைகளில் ஒட்டிக் கிடக்கிறது. கரியின் வெடிப்புகளில் நிறைந்த தண்ணீரின் அழுத்தம் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. தண்ணீரை இறைத்தால் வாயு விடுபடும். ஆகவே முதலில் தண்ணீர்தான் அதிகம் வரும். பிறகே வாயு பெருகி, உச்சம் கண்டு, மெல்லக் குறையும்.

ஒரு கிணறு இன்னும் இருபது வருஷத்தில் எவ்வளவு தரும்? கண்ணுக்குத் தெரியாத பாறையைக் கம்ப்யூட்டரில் கணக்காகக் கட்டுகிறார்கள். கரியில் வாயு எவ்வளவு, அது வெளியேறும் வழி எவ்வளவு தாராளம் என்று எண்களை வைக்கிறார்கள். கிணறு இதுவரை தந்த நீரும் வாயுவும் கணக்கில் அப்படியே வரும்வரை அந்த எண்களைத் திருத்துகிறார்கள்.

வந்துவிட்டால் உண்மை அகப்பட்டுவிட்டதா? இல்லை. வாயு அதிகம், வழி குறுகல் என்று வைத்தாலும் சரி. வாயு குறைவு, வழி தாராளம் என்று வைத்தாலும் சரி. சில வருஷத்துப் பழங்கணக்கு இரண்டிலும் பொருந்திவிடலாம். பின்னால்தான் அவை பிரியும். போதாததற்கு, ஸான் யுவானில் வாயு வெளியேற வெளியேறக் கரி சுருங்கி, வெடிப்புகள் அகன்று, வழியே மாறிப்போயிற்று. நேற்றைய பாறை அல்ல நாளைய பாறை.

பணம் போடுகிறவரோ ஒரே எண்ணைக் கேட்கிறார். பொருந்துகிற கணக்குகளில் பெரியதைப் பொறுக்கி நீட்டுகிறவன் பொய் சொன்னவனா? அவன் காட்டிய எண்ணுக்கு ஆதாரம் உண்டு. ஆனாலும் அது வஞ்சனைதான். அதே அளவு ஆதாரமுள்ள மற்றவற்றை அவன் மறைத்துவிட்டான். நேர்மையுள்ள பொறியாளர் பல கணக்குகளையும் எதிரே வைத்து, “இதற்கும் இதற்கும் நடுவில்” என்கிறார். சில மாதத்து விவரத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கைத் திருத்தி, ஒதுக்கியதை அது சொல்கிறதா என்றும் சோதிக்கிறார்.

மனிதர்களை அளக்கும்போது நாம் இந்தச் சிரமம் படுகிறோமா? மூன்று முறை கடன் கேட்டு வந்தவனுக்குப் பேராசை என்றாலும் பொருந்தும்; வீட்டில் நோயாளி என்றாலும் பொருந்தும். நாம் கைப்பணத்தைக் காப்பாற்றும் கணக்கையே எடுத்துக்கொண்டு, ‘அவனை எனக்குத் தெரியாதா?’ என்கிறோம். தெரிந்தது அவன் வந்த நாட்கள் மட்டுமே. அவன் மனசு இன்னும் நிலத்துக்கடியில்தான் இருக்கிறது.