பூகம்பமும் வினையும்

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆந் தேதி பிற்பகலிலே பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் பூகம்பம் தாக்கிற்று. முங்கேர், முசாபர்பூர் முதலிய நகரங்கள் கற்குவியல்களாயின. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒன்பது நாட் கழித்து, தீண்டாமை யொழிப்பின் பொருட்டுத் தென்னாட்டிற் பிரயாணஞ் செய்துகொண்டிருந்த காந்தியடிகள் திருநெல்வேலியிலே பேசுங்கால், அது தீண்டாமையென்னும் பாவத்திற்கு இறைவன் விதித்த தண்டனை என்றார். அவர்மாட்டுப் பெருமதிப்புடைய தாகூர், இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணமென்று அதனை மறுத்தார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தமது ‘அரிசன்’ பத்திரிகையிலேயே பிரசுரித்தும், தங் கொள்கையை விட்டாரல்லர்.

தீண்டாமை பெரும் பாவமென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இடிந்த சுவர் சாதி கேட்டு விழுவதன்று. தீங்கு செய்தாரையும் அத்தீங்கினை அனுபவித்தாரையும் ஒருங்கே கொல்வது எந்த நீதியின்பாற் படும்? இந்திய நிலத்தட்டு வடக்கே சென்று நெருக்குதலால் இமயம் எழுந்ததென்றும், அந்நெருக்கமே அப்பக்கத்து நிலம் அதிர்தற்குக் காரணமென்றும் பூமிசாஸ்திர வகுப்பிற் கற்பிக்கின்றோம். அடுத்த மணியிற் சமய வகுப்புக்குட் புகுந்து வேறொன்று கூறலாமோ?

நாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். ஒருமுறை வெள்ளத்தால் ஊரவர் வீடிழந்தபோது, அது விக்கிரக வணக்கத்தின் பலனென்று உபாத்தியாயர் ஒருவர் வகுப்பிற் கூறினார். நனைந்த புத்தகங்களோடு வந்திருந்த மாணாக்கர் இருவர் தலைகவிழ்ந்திருந்தனர். சீலோவாமிற் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரை மற்றையோரினும் பாவிகளென்று எண்ணலாகாது என்னுங் கருத்து அவருடைய சுவிசேஷத்திலேயே உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். எனினும் அவரை இகழ நமக்கு உரிமையில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், இறந்தவரெல்லாரும் பாவஞ் செய்தவரோ என்று நம் மாணாக்கன் ஒருவன் வினவ, “முன்வினை” என்று ஒரு சொல்லில் விடைகூறி, நாமும் பாடத்தை மேலே நடத்தினோம். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

உயிர்கள் நுகரும் இன்பதுன்பங்கள் பிராரத்துவமென்று சித்தாந்தம் கூறுவது மெய்யே. ஆனால் எவ்வுயிர்க்கு எவ்வினை என்பதை அறிபவன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே யென்றும் அதுவே கூறும். அயலானது வினையைப் பெயர்சொல்லிக் காட்டுவோர் அவ்வறிவைத் தமதென்று கொள்ளுகின்றார். அன்றியும், அவர் துன்பம் அவர்க்குப் பிராரத்துவமாயின், அதனைக் கண்டு நாம் செய்வன நமக்கு ஆகாமியமன்றோ? இப்பகுதியை வகுப்பில் விட்டுவிடுகின்றோம்.

மாத்தளையிற் கற்பிப்போர் இதற்கு உதாரணந் தேடித் தூரஞ் செல்லவேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு இவ்வூர் நோக்கி வடபாதையால் நடந்துவந்த கூலிகள் பலர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அதனை அவர் வினையென்று முடித்துவிடின், அவர்க்கு நன்னீரும் தங்குமிடமும் அமைக்காதாரின் வினை கணக்கில் வாராதொழியும். பூகம்பத்திலும் அப்படியே: நிலம் அதிர்வது இயற்கை, வீடு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் கட்டினார் செயல்.

இப்பொழுது ஒரு மாணாக்கன் அவ்வினாவைக் கேட்பின், “அவர்கள் என்ன செய்தார்களென்று எனக்குத் தெரியாது, தம்பி” என்றே தொடங்குகின்றோம். அதன்மேல் அவன் கேட்பவற்றிற்கு நாற்பது நிமிஷம் போதுவதில்லை.