மீதிப் பாதி

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதிப் பாதி, கற்றதை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். எண்ணூறு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்பின்னான கணக்கு. அவருடைய மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வெறும் சக மாணவன். நெகட்டிவ் மார்க்கும் ரேங்க் பட்டியலும் அவர்களுக்கு நடுவில் வரவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் அதே நாளில் அதே கேட் தேர்வை எழுதப் போகிறவர்கள். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக ஓடுகிறது: போட்டியாளனுக்குச் சொல்லித்தரும் கடமை ஒருவனுக்கு உண்டா? சொல்லித்தருவது நல்ல குணம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சொல்லாமல் இருந்தால் அது தப்பா என்பதுதான் விஷயம்.

லவ்டேல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி ஞாபகம் வரும். இல்லையென்றால், கேத்திக்கும் ஊட்டிக்கும் நடுவில் மலை ரயில் நிற்கிற சின்ன ஸ்டேஷன். இந்தப் பக்கத்திலேயே வளர்ந்து இன்ஜினியரிங் முடித்த ஒரு ஆளுக்கு, கோச்சிங் என்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பலரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். தேர்வு பிப்ரவரியில். ஆக, தீவிரமாகப் படிக்கிற மாதங்கள் சரியாக உறைபனி மாதங்கள். நாலு பேர் ஒரே ரூமில் படித்ததற்கு அறிவுத்தாகம் ஒரு காரணம், ஒரே ஹீட்டர் இருந்தது இன்னொரு காரணம்.

அந்த நாலு பேரில் ஒரு அக்கா, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். நீலகிரியில் அப்படி வந்தவர்கள் நிறைய. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்களில் சிலருக்கு அது கைச்செலவுக் காசு. அக்காவுக்கு, படிக்கப் போவதா வேலைக்குப் போவதா என்பதை அந்தத் தொகைதான் முடிவு செய்யும். ஒரே ஹாலில் ஒரே தாளைத்தான் எழுதப் போகிறோம், ஆனால் பணயம் வைத்திருப்பது ஒன்றில்லை.

ஒரு நாள் அக்கா பெலாடி முரணைக் கேட்டார். கணினியின் நினைவகத்தில் பக்கங்களை வைக்க மூன்று சட்டங்கள் இருக்கின்றன, புதுப் பக்கத்துக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் வந்ததை முதலில் வெளியேற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்களைக் கேட்டால் ஒன்பது தடவை பக்கம் இல்லாமல் போகும். சட்டங்களை நாலாக்கினால் பத்துத் தடவை. நான் இதை மனப்பாடமாக வைத்திருந்தேன். அக்கா விடவில்லை. "எடம் கூடுனா தப்பு கொறையணும்ல? அப்ப ஏன் ரொம்ப நாளா தொடாத பக்கத்தை வெளியேத்துற முறையில மட்டும் இது நடக்க மாட்டேங்குது?"

நோட்டில் விடை இருந்தது, காரணம் இல்லை. அரை மணி நேரம் கட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த இன்னொரு முறையில், மூன்று சட்டங்களில் இருக்கும் பக்கங்கள் எப்போதும் நாலு சட்டங்களில் இருக்கும் பக்கங்களுக்குள் அடங்கியே இருக்கும். அடங்கியிருக்கும்போது தப்பு கூட வழியே இல்லை. முதலில் வந்தது முதலில் போகும் முறையில் அந்த அடக்கம் உடைந்துவிடுகிறது. பவணந்தியின் மீதிப் பாதி எனக்கு அன்று கிடைத்தது. 'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்' என்கிற புத்தகத்தில் ரப்பர் வாத்தை மேசையில் வைத்து அதற்கு நிரலை வரிவரியாக விளக்கச் சொல்வார்களே, அதுவும் இதே சங்கதிதான். என்ன, வாத்து எதிர்க்கேள்வி கேட்காது.

ஆக, சொல்லித்தருவது லாபம் என்று சுலபமாக வாதிட்டுவிடலாம். கேட் கணினி அறிவியல் தாளை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். நான் மூன்று பேருக்குச் சொல்லித்தந்து, மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போனாலும் எனக்குக் குறைவது மூன்று இடம். விளக்கியதால் எனக்கு ஒரு இரண்டு மார்க் கேள்வி கூடுதலாகச் சரியானால் அதைவிடப் பல மடங்கு ஏறுவேன். கணக்குச் சரிதான், ஆனால் எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. ஆட்டம் பெரிதாக இருக்கும்வரைதான் இது செல்லும். ஒரே ஆய்வகம், ஒரே இடம், நேர்காணலுக்கு நானும் அக்காவும் மட்டும் என்று வந்தால்? அப்போது அதே கணக்கு வாயை மூடு என்று சொல்லும். லாபத்தை நம்பிக் கட்டிய நல்ல குணம் அந்த இடத்தில் நொறுங்கிவிடும்.

அதனால் வேறு பக்கமிருந்து யோசித்தேன். எனக்கு இலவசமாக வந்ததை நான் பூட்டிவைக்க முடியாது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள், அரசுப் பணத்தில் உருவானவை. சீனியர்கள் விட்டுப்போன நோட்டுகளும் அப்படித்தான். ஆனால் நானே ராத்திரி முழித்து எழுதிய பிழை நோட்டு என்னுடையது; கொடுத்தால் நட்பு, கொடுக்காவிட்டால் அது பாவமாகாது. இதை அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "அந்தப் பெலாடி பக்கம் யாரு நோட்டுலப்பா இருக்கு? கேள்வி யாருது?" இதற்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை.

பகிர்வது எப்போதுமே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. 1994இல் அமெரிக்காவில் கேப்லன் என்கிற பயிற்சி நிறுவனம், கணினியில் நடத்தப்பட்ட ஜிஆர்இ தேர்வுக்குத் தன் ஊழியர்களை அனுப்பி, கேள்விகளை மனதில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னது. ஓட்டை இருக்கிறது என்று காட்டத்தான் செய்தோம் என்றார்கள். தேர்வை நடத்தும் இடிஎஸ் வழக்குப் போட்டது. அந்த ஓட்டை உண்மைதான் என்பது 2002இல் தெரிந்தது. சீனா, தைவான், தென் கொரியா ஆகிய இடங்களில் எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகத்திலிருந்த கேள்விகளை இணையத்தில் போட, அடுத்த வாரம் எழுதுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனார்கள். இடிஎஸ் அந்த இடங்களில் கணினித் தேர்வை நிறுத்திவிட்டு, மொழி, கணிதப் பகுதிகளை மறுபடி தாளுக்குக் கொண்டுபோனது. போட்டவர்கள் தோழனுக்கு உதவுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். அந்தத் தளத்தைப் பார்க்காமல் போய் எழுதியவன்தான் தோற்றவன். அவனுக்குத் தான் தோற்றதே தெரியாது.

கேட் தேர்வில் இதே செயல் குற்றமே இல்லை. தேர்வு முடிந்ததும் தாளையும் விடைக்குறிப்பையும் நடத்தும் நிறுவனமே வெளியிடுகிறது. விடை தப்பென்றால் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கலாம். ஹாலை விட்டு வெளியே வந்து, "மூணாவது கேள்விக்கு என்னடா போட்ட?" என்று கேட்பது இங்கே அரட்டை. அடுத்த வாரமும் அதே கேள்வி வரக்கூடிய தேர்வில் அது திருட்டு. வாயிலிருந்து வரும் சொல் ஒன்றுதான். கேட்க முடியாத இன்னொருவன் இருக்கிறானா என்பதில்தான் வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

நிரல் விஷயத்தில் கோடு இன்னும் மெல்லியது. கணிதமும் நிரலும் கலந்த புதிர்களைத் தரும் புராஜெக்ட் ஆய்லர் தளம், முதல் நூறு புதிர்களைப் பற்றி மட்டும் வெளியே பேசலாம், அதுவும் வழிமுறையைக் கற்பிப்பதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. நான் இதைவிடக் கறாராக இருப்பேன். அசைன்மென்ட்டுக்கு முழு நிரலை அனுப்பச் சொல்லும் ஜூனியருக்கு அனுப்ப மாட்டேன். "எங்க நிக்குது, அதை மட்டும் காட்டு" என்பேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள். மீதிப் பேர்தான் பிறகு எனக்குச் சொல்லித்தந்தவர்கள்.

இப்போது அந்தக் காணாமல் போகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே தடை செய்தது, ஆனால் கேட்கிறவர்கள் அந்தத் தளத்தை விட்டே நகர்ந்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கும் அலுக்காமல் விளக்கும் ஒன்று கையிலேயே இருக்கும்போது, எதற்கு அக்காவைக் கூப்பிட வேண்டும்? கேட்பவனுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. காசில்லாதவனுக்கு லாபம்கூட. எனக்கு உறுத்துவது சொல்பவன் பக்கம். கேள்வி வராவிட்டால் அந்த மீதிப் பாதிக்கு அவன் எங்கே போவான்?

எங்கள் பழைய குழு இன்னும் இருக்கிறது, ஜூனியர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். போன டிசம்பர் முழுக்கத் தேர்வு அறிவிப்பு, பொங்கல் லீவு, பஸ் டைமிங், இதுதான். ஒரு ராத்திரி பதினொன்றரைக்குக் கேத்தியிலிருந்து ஒரு தம்பி டெட்லாக் பற்றி ஒரு சந்தேகம் போட்டான், கையால் வரைந்த படத்தோடு, ஒரு அம்பு தலைகீழாக. நான் பார்த்து, தட்டச்சு செய்யத் தொடங்குவதற்குள் மூன்று பேர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று அக்கா.