விதையும் பிணையும்

கடன் வாங்க அஞ்சுகிற ஒருவனைக் கடன் வாங்கச் செய்து, பாட்டன் காலந்தொட்டுப் பழகிய நெல்லை விட்டு முன்பின் அறியாத நெல்லை விதைக்கச் செய்கிறவர்கள், அந்தப் புதிய நெல் பொய்த்துப்போகும் ஆண்டில் அவனுக்கு என்ன கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வி, விவசாய அபிவிருத்தியைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. மகசூல் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை ஏக்கரில் புதிய ரகம் பரவியது, போட்ட மூலதனத்துக்கு என்ன வரவு என்னும் கேள்விகள் அங்கே நிறைந்திருக்கின்றன. அவையும் வேண்டிய கேள்விகளே. ஆயினும் ஒருவர் சொல்ல மற்றொருவர் செய்து, லாபம் வரும்போது இருவருக்கும் பங்கு கிடைத்து, நஷ்டம் வரும்போது மட்டும் அது செய்தவனையே சேருமானால், கணக்கோடு நியாயத்தையும் பார்க்க வேண்டியதாகிறது.

தஞ்சை ஜில்லாவில் நடந்ததை முன்னிறுத்தி இதை ஆராயலாம். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வந்த நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடியைப் பற்றி 1959-ல் தந்த அறிக்கையை அடியொற்றி, நீர்வளம் நம்பத்தக்க சில ஜில்லாக்களில் மட்டும் விதை, உரம், கடன், ஆலோசனை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்று அரசாங்கம் தீர்மானித்தபோது, முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் லூதியானாவும் மேற்குக் கோதாவரியும் போலத் தஞ்சாவூரும் ஒன்றாயிற்று. சில ஆண்டுகளுக்குள், ஜப்பானிய நெல்லின் கலப்பில் பிறந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏ.டி.டி. 27 வந்தது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்த நெல், போட்ட உரத்தை ஏற்று விளைந்ததனால், குறுவைப் பட்டத்தின் பெரும்பகுதியில் வெகு விரைவாகப் பரவியது. பின்னர் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்து சேர்ந்தது.

இந்த முயற்சியை வயிறு நிறைந்தவர்கள் எளிதாகக் குறை கூறிவிடக் கூடாது. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடே எதிர்பார்த்திருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி சென்னை ராஜ்யத்தின் ஒவ்வொரு தெருவிலும் ஒலித்ததென்றால், அதன் பின்னால் காலியான பானைகள் இருந்தன. பழைய நெல்லின் மணத்தையும் ருசியையும் புகழ்ந்து, குறைவாக விளைந்தாலும் அதுவே போதும் என்று ஏழைகளுக்காக மற்றவர்கள் முடிவு செய்வதில் கருணை இல்லை.

ஆனால், அன்று கிராமங்களில் தயங்கி நின்ற சிறு விவசாயியைப் பழமைப்பித்துக் கொண்டவன் என்று உத்தியோகஸ்தர்கள் கருதியதும் அதே அளவுக்குப் பிழையானது. பத்து வேலி நிலம் உடையவன் ஒரு மாவில் புது விதையைப் போட்டுப் பார்ப்பது பரிசோதனை. மூன்று மா நிலத்தையே நம்பியிருப்பவன் அதே காரியத்தைச் செய்தால், பணயம் வைப்பது குடும்பத்தின் அடுத்த வருஷத்துச் சோற்றை. பழைய நெல் குறைவாகக் கண்டாலும் உரமின்றியும் ஏதோ கண்டது. அதன் நீண்ட வைக்கோல் மாட்டுக்கும் கூரைக்கும் ஆயிற்று. புது நெல்லோ குட்டைத் தாளாக நின்று, உரத்துக்கும் மருந்துக்கும் ரொக்கம் கேட்டது. இரண்டையும் எடைபோட்டுத் தயங்கியவனிடம் இருந்தது விவேகமே ஒழிய அறியாமை அன்று.

ஒரே விதை இரண்டு வயல்களில் எப்படி இரண்டு விதமாக முடியும் என்பதைக் குறுவைப் பட்டத்தில் தெளிவாகக் காணலாம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி வாக்கில் தண்ணீர் திறப்பது வழக்கம். மணற்பாங்கான பழைய டெல்டாவில் பில்டர் பாயிண்டு என்னும் ஆழமற்ற குழாய்க்கிணறு இறக்கி, மோட்டார் வைக்க வசதி உள்ள மிராசுதார், ஆற்றுநீரை எதிர்பாராமல் வைகாசியிலேயே நாற்றங்கால் விட்டுவிடுகிறார்; தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் நாளில் அவருடைய நாற்று பறிப்பதற்குத் தயாராக நிற்கிறது; புரட்டாசி வெயிலில் அறுத்து, அடித்து, காயவைத்து மூட்டை கட்டுகிறார். கடைமடைக்காரனுக்கோ, கடலோர மண்ணில் தோண்டினால் உப்புநீர். ஆகவே ஆற்றுநீர் தலைமடை, நடுமடை எல்லாம் கடந்து தன் மதகுக்கு வந்த பிறகே அவன் விதைவிட முடியும். அந்த இருபது இருபத்தைந்து நாள் தாமதம் அவனுடைய அறுப்பை ஐப்பசி அடைமழைக்குள் கொண்டுபோய்த் தள்ளுகிறது. குறுகிய வயதுப் பயிர்கள் பலவற்றில் நெல்மணிக்கு உறக்கக் காலம் மிகக் குறைவாகையால், சாய்ந்த கதிர் வயலில் கிடந்தபடியே முளைவிடுகிறது. களத்தில் குவித்த அம்பாரத்துக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று சூடு. வெளியே எடுத்த பிடியில் ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளை முளை. அந்த நெல்லை வியாபாரி தொடமாட்டான். உரத்துக்கு வாங்கிய கடனோ முழுமையாக நிற்கிறது.

இவ்விருவர் விளைச்சலையும் கூட்டி வகுத்தால் ஜில்லாவின் சராசரி உயர்ந்தே காணும், அது பொய்யும் அன்று. ஆனால் சராசரி மகசூலை உண்பவர் எவரும் இல்லை. ஒருவனுடைய மிகுதி இன்னொருவனுடைய கடனை அடைப்பதும் இல்லை. மொத்தத்தில் நன்மையே என்ற சொல்லால் தனி மனிதனுக்கு நேர்ந்த நஷ்டத்தை நியாயப்படுத்த வேண்டுமானால், அந்த மொத்தத்திலிருந்து அவனுக்கு ஈடு செய்திருக்க வேண்டும்.

குத்தகைக்காரன் நிலைமை இன்னும் மோசமானது. 1956-ஆம் ஆண்டின் நியாயவாரச் சட்டம் நஞ்சையில் நிலச் சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 என்று வகுத்தது. ஆனால் வாய்மொழிக் குத்தகையில் உழுதவனுக்கு உரிமையைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. காகிதம் இல்லாதவனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் கடன் கிடைப்பது அரிது. நிலத்தில் லாபம் பெருகப் பெருக, அதைத் தாமே சாகுபடி செய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் சொந்தக்காரர்களுக்கு வளர்ந்தது. கூலிக்காரரும் கூடுதல் விளைச்சலைத் தம் கையால் அறுத்துச் சுமந்தவர்கள். அதில் கூடுதல் பங்கு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டு நின்ற தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையை விதையின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. சாதியும் நிலவுடைமையும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கு வேரூன்றியிருந்தன. எனினும் நிலம் யார் கையில், கூலி யார் சொல்லில் என்று கேளாமல் விளைச்சலை மட்டும் பெருக்கப் புகுந்தவர்கள், தாம் கேளாமல் விட்டதற்குப் பொறுப்பாளிகளே.

ஆகவே, புது விதையைக் கொடுக்கலாமா என்று விவாதிப்பதில் பயனில்லை, கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பவர் பிணை நிற்க வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தத் தக்கது. பரிசோதனை வயலின் மகசூலைச் சொல்லி ஆசையூட்டுகிறவர், மழையில் அகப்பட்ட வயலின் மகசூலையும் அதே வாயால் சொல்லக் கடமைப்பட்டவர். அரசாங்கமானாலும், விதையும் உரமும் கொடுத்து விளைச்சலை வாங்கிக்கொள்ளும் வியாபாரக் கம்பெனியானாலும், முதல் சில பட்டங்களின் நஷ்டத்தில் பங்கு ஏற்க முன்வராவிட்டால், தங்கள் பரிசோதனையைப் பிறர் செலவில் நடத்துகிறவர்களாகிறார்கள்.

இந்தப் பிணை பின்னாளில் ஒரு வடிவம் பெறவே செய்தது. 1985-ல் வந்த விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பயிர்க்கடன் வாங்கிய விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இழப்பீட்டைத் தனி வயலைப் பார்த்துக் கொடுக்காமல், வட்டாரத்தின் சராசரி மகசூலைக் கொண்டே தீர்மானித்தது. சுற்றிலும் மற்றவர்களுடைய நெல் காய்ந்து மூட்டையாகிவிட்டால், நடுவே ஒருவன் களத்தில் முளைவிட்டுக் கிடக்கும் அம்பாரத்துக்கு அதில் வழி இருக்கவில்லை. வாய்மொழிக் குத்தகைக்காரன் பெயரில் பயிர்க்கடனே இல்லாததனால், அந்தச் சராசரிக் கணக்குக்குள் நுழையக்கூட அவனுக்கு இடம் இருக்கவில்லை.